அந்த சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 37. தஞ்சாவூரில் வசிக்கிறேன்; சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இரண்டு வயது ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது அப்பா பஸ் விபத்தில் இறந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்கென்று இருப்பது ஒரே ஒரு நினைவு. இரவு நேரம். வாய்க்கால் கரை வழியாக சைக்கிளில் போகிறோம். முன்னால் பார் கம்பியில் மாட்டிய சின்ன சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். டயரில் டைனமோ உரசும் சத்தம் கேட்கிறது. மெதுவாக மிதித்தால் விளக்கு மங்குகிறது, வேகமாக மிதித்தால் பளிச்சென்று எரிகிறது. அப்பாவின் மோவாய் என் உச்சந்தலையில் இடிக்கிறது. சில சமயம் இதே காட்சியை நான் பின்னாலிருந்து பார்ப்பதுபோலவும் தெரிகிறது. அப்போது அப்பாவின் முதுகு தெரியும்.

அண்மையில் இதை அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். "அந்த சீட் எனக்கு வாங்கியது. அது என் ஞாபகம். நான் சொல்லிக் கேட்டுக் கேட்டு நீ உன்னுடையதாக்கிக்கொண்டாய்" என்றாள். "உனக்கு அப்போது என்ன தெரியும்?" என்கிறார் அம்மா. மூன்றரை வயதுக்கு முன்பு நடந்தது எதுவும் யாருக்கும் நினைவிருக்காது என்று ஒரு டாக்டர் தொலைக்காட்சியில் சொன்னார். அப்பா அந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் நான் இல்லை. அவர் போன பிறகு சித்தப்பாதான் அந்த சைக்கிளை வைத்திருந்தார். அப்பா இறந்த நாள் பற்றி எனக்கு எதுவுமே நினைவில்லை. அது நினைவில்லாதபோது சைக்கிள் மட்டும் எப்படி? ஹிப்னாசிஸ் செய்து பார்க்கலாம் என்கிறார் கணவர்.

இப்போது இது மனதை அரிப்பதற்குக் காரணம் என் மகன். அவனுக்கு மூன்று வயது நான்கு மாதம். நான் வேலைக்குப் போவதால் அவனை வளர்த்ததே என் மாமியார்தான். அவர் போன மாதம் காலமானார். "அப்பாயி எங்கே?" என்று தினமும் கேட்கிறான். "நீ பேச்சை எடுக்காதே, தானாக மறந்துவிடுவான்" என்கிறார்கள் உறவினர்கள். அவன் அவரை மறந்துவிடுவானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் சைக்கிள் முப்பத்து நான்கு வருடம் காத்திருந்துவிட்டது, இன்னும் சில பத்திகள் காத்திருக்கும். உங்கள் பையனின் விஷயத்தில் காலக்கெடு இருக்கிறது.

பேச்சை எடுக்காமல் இருந்தால் அவன் மறந்துவிடுவான் என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அந்த யோசனையைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் அதுவேதான் காரணம்.

இன்றைக்கு அவனுக்கு அப்பாயி நன்றாக நினைவிருக்கிறார். குழந்தைக்கு ஞாபகசக்தியே கிடையாது என்ற பழைய எண்ணத்தை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் கேரலின் ரோவி-காலியர், தொட்டிலுக்கு மேலே தொங்கும் விளையாட்டுப் பொருளையும் குழந்தையின் காலையும் ஒரு ரிப்பனால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும் என்பதை இரண்டு, மூன்று மாதக் குழந்தைகளே கற்றுக்கொண்டன. சில நாட்கள் கழித்து அதே பொம்மையைக் காட்டியதும் மறக்காமல் உதைத்தன. ஆறு மாதக் குழந்தைகள் இரண்டு வாரம் வரை நினைவில் வைத்திருந்தன. வயது கூடக்கூட இந்தக் காலமும் நீண்டுகொண்டே போகிறது. மூன்று வயதுக் குழந்தை போன வருடத்துத் தீபாவளியைச் சொல்லும்.

ஆகவே அவன் மனதில் நினைவு பதிவதில் குறையில்லை. பின்னால் அது கழன்றுபோவதுதான் சிக்கல். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா பாவர் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. மூன்று வயதுக் குழந்தைகள் 83 பேர், தங்களுக்கு நடந்த சில நிகழ்ச்சிகளைப் பற்றித் தாயோடு பேசியதைப் பதிவு செய்துவைத்தார்கள். பிறகு அவர்களில் சிலரை ஐந்து வயதில், வேறு சிலரை ஆறில், ஏழில், எட்டில், ஒன்பதில் அழைத்து அதே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் கேட்கப்பட்டவர்கள் அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களிடம் அது சுமார் 35 சதவீதமாகச் சரிந்திருந்தது. நமக்கெல்லாம் முதல் மூன்று ஆண்டுகள் காணாமல் போகின்றனவே, அந்த இழப்பு பெரும்பாலும் நடந்து முடிவது அந்த ஏழு எட்டு வயதில்தான். உங்கள் மகனுக்கு அதற்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மூன்று வயதில் பேசும்போது "அப்புறம் என்ன நடந்தது?", "இன்னும் சொல்லு" என்று பேச்சைக் குழந்தையின் பக்கம் திருப்பிவிட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பின்னாளில் அதிகம் நினைவிருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு ஒப்பீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே மவோரி மக்களிடம் முதல் நினைவின் வயதைக் கேட்டபோது சராசரி மூன்று வயதுக்கும் கீழே இருந்தது. அதே நாட்டின் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அது மூன்றரையை ஒட்டி இருந்தது. முன்னோர் கதையையும் குடும்பக் கதையையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் மரபு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

எப்படிப் பேசுவது? நம் வீடுகளில் குழந்தையோடு பேசுவது என்றால் பரீட்சை வைப்பது என்று ஆகிவிட்டது. "அப்பாயி உனக்கு என்ன ஊட்டுவார்? பருப்பு சாதம்தானே? சொல்லு, பருப்பு சாதம்தானே?" இதில் குழந்தைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலை இல்லை. "அப்பாயியோடு மாடிக்குப் போய் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "காக்கா" என்று ஒரு சொல் வரும். "காக்கா வந்து என்ன செய்தது?" என்று தொடருங்கள். "சோறு தின்றது, என்னை முறைத்தது" என்று அவன் சொன்னால் அது அவனுடைய நினைவு. காக்கைக்குச் சோறு வைத்தது மொட்டை மாடியில் இல்லை, கொல்லையில்தான் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் உடனே திருத்த வேண்டாம். அவன் சொன்னதோடு நீங்கள் ஒரு துண்டைச் சேர்த்துவிட்டு மறுபடியும் அவனிடமே விடுங்கள்.

சொற்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வேடிக்கையான ஒரு பரிசோதனை இருக்கிறது. நியூசிலாந்தின் கேப்ரியேல் சிம்காக், ஹார்லீன் ஹெய்ன் இருவரும் பெரிய பொம்மையைப் போட்டால் சின்ன பொம்மையாக வெளியே வரும் ஒரு மாய இயந்திரம் செய்து, இரண்டே கால் முதல் மூன்றே கால் வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பப் போய்க் கேட்டார்கள். குழந்தைகள் படங்களை அடையாளம் காட்டின, எந்தப் பிடியை எப்படித் திருப்புவது என்று செய்தும் காட்டின. ஆனால் வாயால் சொல்லும்போது, விளையாடிய அந்த நாளில் தங்களுக்குத் தெரிந்திருந்த சொற்களை மட்டுமே பயன்படுத்தின. இடைப்பட்ட காலத்தில் கற்ற புதிய சொல் ஒன்றுகூட அந்தப் பழைய நினைவுக்குள் நுழையவில்லை. உங்கள் பையனுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அப்பாயியைப் பற்றி அவனே அவன் சொற்களில் பேசட்டும். அவன் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் வார்த்தையில் செம்மைப்படுத்தி எழுதாதீர்கள். "அப்பாயி கை கரகர" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அப்பாயி ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். முதலாவதைச் சொன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான், இரண்டாவதைச் சொன்னால் நீங்கள் தூங்கும்போது பயப்படுவான். சாமியிடம் போய்விட்டார் என்பது உங்கள் வீட்டு நம்பிக்கையானால் தாராளமாகச் சொல்லுங்கள், திரும்பி வரமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்பான். அதே பதிலைச் சலிக்காமல் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் பல வாரமாகக் கெட்டுப்போனாலோ, உங்களைவிட்டு ஒரு நிமிடமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, ஒரு குழந்தைகள் மனநல நிபுணரிடம் காட்டுங்கள்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

தொலைக்காட்சி டாக்டர் சொன்ன மூன்றரை வயது ஒரு சராசரி. சராசரி எல்லைக்கோடு ஆகாது. கேரலின் மைல்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1893லேயே பலரிடம் "உங்கள் முதல் நினைவு எது?" என்று கேட்டு அச்சிட்டபோது சராசரி மூன்று வயதை ஒட்டி வந்தது. அதற்குப் பிறகு நடந்த எத்தனையோ ஆய்வுகளிலும் மூன்று, மூன்றரை என்றுதான் வருகிறது. சராசரி மூன்றரை என்றால் இரண்டரையிலிருந்து நினைவு உள்ளவர்களும் இருக்கிறார்கள், ஆறு வயது வரை ஒன்றுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1993இல் ஜோநெல் அஷர், அல்ரிக் நைசர் என்ற இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நான்கு வகை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டார்கள்: தம்பி தங்கை பிறந்தது, மருத்துவமனையில் படுத்திருந்தது, வீடு மாறியது, குடும்பத்தில் ஒரு சாவு. பதில்களைத் தாய்மார்களிடமும் விசாரித்தார்கள். முதல் இரண்டும் இரண்டு வயதில் நடந்திருந்தாலேகூடச் சிலருக்கு நினைவிருந்தது. வீடு மாறியதும் சாவும் மூன்று வயதுக்குப் பிறகு நடந்திருந்தால்தான்.

அப்பா இறந்த நாள் நினைவில்லாதபோது சைக்கிள் எப்படி என்று கேட்டீர்களே, அதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. சாவு என்பது பெரியவர்களுக்குத்தான் நிகழ்ச்சி. இரண்டே முக்கால் வயதுக் குழந்தைக்கு அது கூட்டமும் அழுகையும் புரியாத பரபரப்பும். அந்த நாளில் சின்னக் குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடும் வழக்கமும் நம் ஊரில் உண்டு. மிதிக்க மிதிக்க விளக்கு எரிவது குழந்தைக்கு அதைவிடப் பெரிய அதிசயம். முக்கியமானதுதான் நினைவில் நிற்கும் என்பது சரி, யாருக்கு முக்கியம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்துவிட முடியாது.

மூளையில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிகளை நினைவாகக் கோக்கும் பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். சிறுவயதில் அங்கே புதிய நரம்பணுக்கள் மிக வேகமாக உருவாகின்றன. பழைய இணைப்புகளை அவை குலைத்துவிடுவதால் மறதி வருகிறது என்பது டொரோண்டோவின் ஷீனா ஜோஸ்லின், பால் பிராங்க்லண்ட் இருவரின் விளக்கம். 2014இல் எலிகளிடம் அதைச் சோதித்தும் காட்டினார்கள். மூளை பெருமளவு முதிர்ந்த நிலையில் பிறக்கும் கினிப்பன்றிகளிடம் இந்த மறதி இல்லை. 2025இல் யேல் பல்கலைக்கழகத்தினர் விழித்திருக்கும் கைக்குழந்தைகளை ஸ்கேன் செய்து, ஒரு வயதை ஒட்டியே ஹிப்போகேம்பஸ் குறிப்பிட்ட காட்சிகளைப் பதிவு செய்கிறது என்று கண்டார்கள். ஆக, இரண்டே முக்கால் வயதில் உங்கள் தலைக்குள் பதிவு செய்யும் வசதி இருந்தது. அதற்கு மேல் மூளை அறிவியலால் உங்கள் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

ஆனால் முடியும் என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது. 2018இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில் 6,641 பேர் தங்கள் முதல் நினைவை எழுதி அனுப்பினார்கள். அவர்களில் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் இரண்டு வயதிலோ அதற்கு முன்போ நடந்த நினைவு என்று எதையோ சொன்னார்கள். தள்ளுவண்டியில் படுத்திருந்ததுகூட நினைவிருக்கிறதாம். குடும்பத்தில் கேட்ட கதையும் போட்டோவும் கற்பனையும் சேர்ந்து விளைந்தவை இவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. நம்மூரில் இதற்கு மொட்டை போட்ட கதையைச் சொல்லலாம். ஒரு வயதில் குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று என்னிடம் சொல்லாத ஆள் குறைவு. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தப் படம் இருக்கும்.

காட்சி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதும் சான்று ஆகாது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற ஜான் பியாஜேக்கே இது நடந்தது. இரண்டு வயதில் பாரிஸின் ஷான்செலிஸே சாலையில் தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்த வந்ததும், செவிலி எதிர்த்துப் போராடியதில் அவள் முகத்தில் கீறல் விழுந்ததும், போலீஸ்காரர் ஓடிவந்ததும் அவருக்கு அப்படியே கண்முன் தெரிந்தன. அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தச் செவிலி சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்து மனம் திருந்தி, அவர் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அத்தனையும் தான் கட்டிய கதை என்று சொல்லி, பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள். வீட்டில் கேட்ட கதையை அந்தச் சிறுவனின் மனம் காட்சியாக வரைந்து, தான் பார்த்ததாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அவருக்குக் காட்சி மங்கிவிடவில்லை.

அதனால் அக்கா சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்குள் நினைவு கைமாறுவது சகஜம். மெர்சிடிஸ் ஷீன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001இல் இரட்டையர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். இருவரையும் உட்காரவைத்துப் பேசவிட்டால், "அது நடந்தது எனக்கு", "இல்லை, எனக்கு" என்று ஒரே நிகழ்ச்சிக்கு இருவரும் உரிமை கொண்டாடிய ஜோடிகள் பல. ஆனால் கவனியுங்கள், அங்கே உரிமை கொண்டாடிய இருவருமே உறுதியாகத்தான் பேசினார்கள். மூத்தவள் என்பதால் உங்கள் அக்காவின் நினைவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது.

இனி உங்கள் நினைவைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம். நினைவு முழுதாக உண்மை அல்லது முழுதாகப் பொய் என்று வருவது அபூர்வம். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்திருக்கும்.

டைனமோ: இதுதான் எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. போட்டோவில் சத்தம் கிடையாது, மங்கிப் பிரகாசிக்கும் விளக்கும் கிடையாது. பெரியவர்கள் இறந்தவரைப் பற்றிக் கதை சொல்லும்போது அவர் நல்ல மனிதர், உன்மேல் உயிராக இருந்தார் என்றுதான் சொல்வார்கள். டைனமோவைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். முன்னால் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டு வரும் குழந்தை கவனிக்கும் விஷயம் அது. அக்கா இதைச் சொல்லியிருக்கலாம், அவளும் அதே சீட்டில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவள் அல்லவா. ஆகவே அவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பின்னாலிருந்து தெரியும் முதுகு: இதைக் கண்டு நீங்கள் கலங்க வேண்டாம். நினைவில் தன்னையே வெளியாள்போலப் பார்த்தால் அந்த நினைவு பின்னால் திருத்தி எழுதப்பட்டது என்று 1899லேயே சிக்மண்ட் பிராய்டு எழுதினார். அது ஓரளவு சரிதான், முதுகைப் பார்க்க உங்களால் முடிந்திருக்காது. ஆனால் ஜார்ஜியா நிக்ரோவும், மேலே சொன்ன நைசரும் 1983இல் காட்டியதுபோல, பழைய நினைவுகளை இப்படி வெளியிலிருந்து பார்ப்பது பலருக்கும் பொதுவானது. உண்மையாக நடந்ததையும் அப்படித்தான் பார்க்கிறோம். வாய்க்கால் கரையையும் அந்த முதுகையும் உங்கள் மனம் பிறகு வரைந்து சேர்த்திருக்கலாம்.

சீட்: அக்காவுக்கு வாங்கியது என்பதை நம்புகிறேன். ஆனால் உங்களுக்கு இரண்டரை வயது என்றால் அவளுக்கு ஏழரை. ஏழரை வயதுப் பெண் அந்தச் சின்ன சீட்டில் உட்கார மாட்டாள், பின்னால் கேரியரில் உட்கார்ந்திருப்பாள். சீட்டை அதற்குள் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்களா, தங்கைக்காக அப்படியே விட்டுவைத்தார்களா என்பதுதான் கேள்வி. விட்டுவைத்திருந்தால் அக்காவும் நீங்களும் வேறு வேறு வருடங்களில் அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சண்டைக்கே இடமில்லை.

மோவாய் இடித்தது யாருடைய மோவாய்? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது, நீங்கள் அதைக் கடந்து போய்விட்டீர்கள்: அப்பாவுக்குப் பிறகு சைக்கிள் சித்தப்பாவிடம் இருந்தது. நீங்கள் மூன்றரை, நான்கு வயதில் அந்த சீட்டில் அவரோடு போயிருக்கலாம். அந்த வயது நினைவு நிற்பதற்கு இன்னும் வசதியான வயது. வீட்டில் எல்லோரும் "அப்பாவின் சைக்கிள்" என்றே அதைச் சொல்லியிருப்பார்கள். போட்டோவிலும் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டியவர் முகம் உங்கள் நினைவில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மோவாயும் முதுகும்தான் இருக்கின்றன. உண்மையில் நடந்த ஒரு சவாரியில் ஆள் மட்டும் பிற்பாடு மாறியிருக்கலாம். போட்டோவுக்கு அந்தச் சக்தி உண்டு. 2002இல் நியூசிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. சிறுவயதில் வெப்பக் காற்று பலூனில் பறந்ததுபோல ஒட்டுவேலை செய்த போட்டோவைக் காட்டிச் சில முறை பேசியதுமே, அதில் கலந்துகொண்ட 20 பேரில் பாதிப் பேர் பறக்காத பயணத்தைப் பற்றி விவரம் சொன்னார்கள்.

அப்படி ஒரு சவாரி நடந்திருக்கிறது, ஓட்டியவர் யார் என்பதுதான் தீரவில்லை என்பதே என் கணிப்பு. அப்பாவாக இருக்கலாம் என்பதைத் தடுக்க அறிவியலில் எதுவும் இல்லை. உண்மையில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பொதுவாக முதல் நினைவின் வயதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. மிகச் சிறு வயதில் நடந்ததைப் பிந்தைய வயதில் நடந்ததாகவே பலர் எண்ணிக்கொள்கிறார்கள் என்று கனடாவின் கேரல் பீட்டர்சன் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஓட்டியவர் அப்பாதான் என்று தெரிந்துவிட்டால் வயதும் தெரிந்துவிடும்.

ஹிப்னாசிஸ் வேண்டவே வேண்டாம். மயக்க நிலையில் சொல்பவற்றின் அளவு கூடும், நிச்சயமும் கூடும், உண்மை கூடாது. கருவில் இருந்தபோது கேட்டதையெல்லாம் வரவழைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அபிமன்யு கதை மகாபாரதத்தில் நன்றாக இருக்கிறது, கட்டணம் வாங்கும் அறையில் வேண்டாம். அங்கே போய் வந்தால் அப்பாவின் முகம் தெரியும், சட்டையின் நிறமும் தெரியும், எது உங்களுடையது என்பது அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

விசாரித்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். முதலில் உங்கள் நினைவை இன்றைக்கு இருப்பதுபோலவே எழுதி மூடிவையுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்டால் குரல் பெரியவர் சொல்வதே குடும்பத்தின் நினைவாகிவிடும். "அப்பா என்னை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாரா?" என்று கேட்காதீர்கள். உங்கள் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று "ஆமாம்" என்பார்கள். அம்மாவிடம் சீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்: எப்போது வாங்கியது, எப்போது கழற்றியது. அக்காவிடம், அவள் நினைவில் விளக்கு எப்படி எரிந்தது என்று கேளுங்கள், டைனமோ என்ற சொல்லை நீங்கள் எடுக்காமல். சித்தப்பாவிடம் கேட்க வேண்டியது, அந்த சைக்கிளில் எந்த ஊருக்கெல்லாம் போவீர்கள், கூட யார் வருவார்கள் என்பது. டைனமோ அப்பா காலத்திலேயே இருந்ததா, சித்தப்பா வாங்கி மாட்டியதா என்பது தெரிந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். போட்டோவை எடுத்து முன் சக்கரத்தின் பக்கம் பாருங்கள், ஒருவேளை அதில் இருக்கலாம்.

சித்தப்பா "உன்னை ஏற்றிக்கொண்டு போனது நான்தான் அம்மா" என்று சொல்லிவிடவும் கூடும். அதைக் கேட்க இப்போது மனம் தயாராக இல்லையென்றால் கேட்காதீர்கள். இந்த விசாரணையை நடத்தியே ஆக வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மாமியார் போய் ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத வீட்டில் இன்னொரு இழப்பைத் தேடிப் போக வேண்டிய அவசரமும் இல்லை. அம்மாவிடம் சீட்டைப் பற்றிக் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பதில் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.